கதவுக் கணவாய்ல அம்பத்திரண்டு நிமிஷம்

பயம் வந்தா சிலருக்கு வேர்க்கும். சிலருக்குக் கை நடுங்கும். சிலருக்கு வயித்தைக் கலக்கும். அவனுக்கு வாய் தொறந்துக்கும். தொறந்தா லேசுல மூடாது. அதனாலதான் வேலைக்குச் சேர்ந்த மூணாவது நாளே அவனுக்கு 'ரேடியோ'ன்னு பேர் விழுந்துடுச்சு. வெச்சது சமையல் அண்ணன். "நிஜ ரேடியோன்னா திருகி அணைச்சிடலாம். இவனுக்கு அந்தத் திருகு எங்க இருக்குன்னே தெரியலயே"ன்னு அவர் சொன்னப்போ எல்லாரும் சிரிச்சாங்க. ரேடியோவும் சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே பேசவும் பேசினான்.

வேலை என்னன்னா, கோவேறு கழுதை ஓட்டறது. மலையடிவாரத்துல ஒரு கொட்டாய், நாலு கழுதை, ஒரு மேஸ்திரியம்மா. ஊர் பார்க்க வர்றவங்க மலை ஏற ஆசைப்பட்டா, அவங்க கூடாரம், அடுப்பு, அரிசி, மெத்தை எல்லாத்தையும் கழுதை மேல ஏத்தி, அஞ்சு நாள்ல மூணு கணவாய் தாண்டி அந்தப் பக்கம் கொண்டு போய் விடணும். நடக்கிறவங்க நடப்பாங்க, சுமக்கிறது சுமக்கும், நடுவுல கயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் போறது நம்ம ஆளு.

இந்த நாட்டுக்கு வந்து ரெண்டு வருஷமா அவன் ஒரு காய்கறி கோடவுன்ல பெட்டி அடுக்கிட்டு இருந்தான். கோடவுனை இழுத்து மூடிட்டாங்க. கையில இருந்த வேலை பர்மிட்டு மாசக் கடைசியோட முடியுது. புதுசா ஒரு முதலாளி ஃபாரத்துல கையெழுத்து போட்டாத்தான் இங்க இருக்கலாம், இல்லன்னா பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அந்த நேரத்துலதான் மேஸ்திரியம்மாகிட்ட இருந்த ஒரு ஆளு காலை ஒடச்சுக்கிட்டான். அவங்களுக்கு அவசரம். இவனுக்கு அதைவிட அவசரம்.

"மலையில கழுதை ஓட்டியிருக்கியா?"ன்னு கேட்டாங்க.

"ரெண்டு சீசன்"னான்.

"எங்க?"

"அந்தப் பக்கம்"னு கையை நீட்டினான். எந்தப் பக்கம்னு அவனுக்கே தெரியாது. கை நீண்ட பக்கத்துல ஒரு டீக்கடைதான் இருந்துச்சு.

உண்மை என்னன்னா, சீசனும் இல்ல, மலையும் இல்ல, கழுதையும் இல்ல. ரெண்டு ஞாயித்துக்கிழமை, சிட்டி பூங்காவுல, பிறந்தநாள் கொழந்தைங்களை ஒரு மட்டக்குதிரை மேல உக்கார வெச்சு நாப்பது ரவுண்டு சுத்திக் காட்டியிருக்கான். அந்தக் குதிரை பதினெட்டு வருஷமா அதே வட்டத்துல சுத்திட்டு இருந்தது. இவன் வீட்டுல படுத்துத் தூங்கியிருந்தாலும் அது சுத்தியிருக்கும்.

மேஸ்திரியம்மா அவனை மேலயும் கீழயும் பார்த்தாங்க. நாப்பது வயசு இருக்கும் அவங்களுக்கு. வெயில்ல வறண்ட முகம். பேச்சும் அளந்துதான் வரும். "நல்லா கேட்டுக்க. மூணாவது கணவாய்க்குப் புது ஆளை நான் கூட்டிட்டுப் போறதில்ல. ஒரு தடவை கூட்டிட்டுப் போனேன். பயத்துல கயித்தைக் கீழ்ப்பக்கமா இழுத்தான். ரெண்டு ஜீவன் போயிடுச்சு. அதுலேர்ந்து முதல் வருஷம் எல்லாருக்கும் அந்தக் கணவாய் ஏறாத கீழ் வழிதான். நீ ரெண்டு சீசன்னு சொல்றதாலதான் வர்ற. நல்லபடியா போய்ச் சேர்ந்தா உன் ஃபாரத்துல கையெழுத்து. பொய்யின்னு தெரிஞ்சா, எந்த இடமா இருந்தாலும் அங்கேர்ந்தே கீழ அனுப்பிடுவேன்."

"பொய்யா? நானா?"ன்னான் ரேடியோ. அதோட நிறுத்தியிருக்கலாம். கூடவே இன்னும் கால் மணி நேரம் பேசினான்.

பயணத்தோட முதல் நாள் காலையில சுமை ஏத்தினாங்க. ஒரு பக்கம் கனம் ஜாஸ்தியாச்சுன்னா சேணம் சரிஞ்சு மொத்தமும் கழுதை வயித்துக்கடியில வந்துடும். அதனால ஒவ்வொரு மூட்டையையும் தராசுல தொங்கவிட்டுப் பார்த்து, இந்தப் பக்கம் எவ்வளவோ அந்தப் பக்கமும் அவ்வளவே இருக்கிற மாதிரி ஏத்தணும். முடிச்சுங்களை அவன் வீடியோ பார்த்துத்தான் கத்துக்கிட்டிருந்தான். போட்ட முடிச்சு மேல நம்பிக்கை இல்லாம அதுக்கு மேல ஒண்ணு, அதுக்கும் மேல ஒண்ணுன்னு போட்டுக்கிட்டே போனான். "டேய், இது மூட்டைடா. தப்பிச்சு ஓடப்போற கைதி இல்ல"ன்னார் சமையல் அண்ணன்.

மலை ஏற வந்தவங்க மூணு பேர். ஒரு பல் டாக்டர், அவர் மனைவி, அந்தம்மாவோட தம்பி. கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் ஆச்சுன்னு டாக்டரம்மாவுக்கு மலை ஏற ஆசை. டாக்டருக்கு வீட்டுல இருக்க ஆசை. மச்சானுக்கு எதுலயும் ஆசை இல்ல, அக்கா கூப்பிட்டாங்கன்னு வந்துட்டார்.

கழுதை நாலுல முன்னாடி போறவ பேரு மகாராணி. சாம்பல் கலர், ஒரு காது நுனியில மட்டும் வெள்ளை. அவ நடந்தா மத்த மூணும் நடக்கும். அவ நின்னா மத்த மூணும் எதுக்குன்னு கேக்காம நிக்கும். ஓட்டறவங்க அவகிட்ட ரெண்டே சத்தம்தான் வெச்சுக்கணும். நாக்கை மேலண்ணத்துல ஒட்டி 'டொக்'குன்னா நட. விசிலடிச்சா நில்லு. வேற ஒரு வார்த்தை பேசக்கூடாது. அந்தத் தொழில்ல அது வழக்கம்.

நம்ம ஆளுக்கு அது நடக்கிற காரியமா? முதல் கணவாய் ஏறும்போதே அவனுக்குக் காத்து பத்தல, தலை கிண்ணுன்னு இருந்தது. சரளைக்கல்லு காலுக்கடியில சரசரன்னு வழியுது, பக்கத்துல எட்டிப் பார்த்தா ஆறு நூல் மாதிரி தெரியுது. பயம் வந்துச்சு. வாய் தொறந்துடுச்சு. கேக்கிறதுக்கு ஆள் வேணுமே? மகாராணி காது பக்கத்துலயே இருந்தது. ஊர்ல இருக்கிற அக்காவைப் பத்தி, அக்கா வீட்டுக்காரர் வாங்கின பழைய வண்டியைப் பத்தி, கோடவுன் சூப்பர்வைசரைப் பத்தி எல்லாம் சொன்னான். நடுநடுவுல போனை எடுத்து அக்காவுக்கு வாய்ஸ் மெசேஜும் பேசினான். சிக்னல் இல்லாததால ஒண்ணும் போகல. எல்லாம் போன்லயே வரிசையா உக்காந்துடுச்சு.

"டேய் ரேடியோ"ன்னாங்க மேஸ்திரியம்மா. "அது கழுதை. உன் சித்தப்பா மக இல்ல. வாயை மூடிட்டு வா. பழகிடுச்சுன்னா அப்புறம் கஷ்டம்."

"சரிங்க"ன்னான். பத்தடி வரைக்கும் சரியாத்தான் இருந்தான்.

அந்தக் கணவாய்க்குத் தொப்பின்னு பேரு. ரெண்டாவது நாள் ஆத்தைக் கடந்தாங்க. தண்ணி முழங்காலுக்கு மேல, ஐஸை உருக்கி ஊத்தின மாதிரி. டாக்டர் அக்கரையில உக்காந்து, தன் கால் விரல் பத்தும் இருக்கான்னு ஒவ்வொண்ணா தொட்டுப் பார்த்தார். மூணாவது நாள் ரெண்டாவது கணவாய். அதுக்குச் சல்லடைன்னு பேரு. நாலு பக்கமும் இடுக்கு, எல்லா இடுக்குலேர்ந்தும் காத்து. மச்சானோட தொப்பி பறந்து போய், ஒரு நிமிஷம் ஆகாசத்துல நின்னு, டாட்டா காட்டிட்டுப் போச்சு. அங்க பத்தடி நடந்தா நின்னு மூச்சு வாங்கணும். எல்லாரும் பேசறதையே விட்டுட்டாங்க. ரேடியோ மட்டும் ரெண்டு மூச்சுக்கு ஒரு வாக்கியம்னு சொல்லிக்கிட்டே வந்தான். மகாராணி அவன் பக்கமா ஒரு காதைத் திருப்பி வெச்சுக்கிட்டே நடந்தா. 'டொக்'குங்கிற சத்தமே தேவைப்படல. அவன் பேசினா நடந்தா. அவன் தண்ணி குடிக்க நிறுத்தினா அவளும் நின்னா. இதை மேஸ்திரியம்மா பார்த்தாங்க. முகம் சுருங்குச்சு.

அன்னிக்குச் சாயங்காலம் கூடாரத்துல அவன் அக்காவுக்கு நீளமா ஒரு மெசேஜ் பேசினான். இருபத்துநாலு நிமிஷம். மனசுல இருந்ததையெல்லாம் கொட்டிட்டான். அக்கா பையனைப் பத்திக் கேக்க மறந்துட்டோமேன்னு பின்னாடியே இன்னொரு சின்ன மெசேஜும் பேசினான். அப்புறம் நிம்மதியா தூக்கம் வந்துச்சு.

காலையில எழுந்து "குளிருதே"ன்னு சொல்லலாம்னு வாயைத் தொறந்தான். வெறும் காத்துதான் வந்தது. மறுபடி முயற்சி பண்ணினான். பஞ்சர் ஆன சைக்கிள் ட்யூப் மாதிரி ஒரு புஸ். அவ்வளவுதான். மூணு நாள் உலர்ந்த குளிர்காத்துல ஓயாம பேசி, தொண்டை மொத்தமா கட்டிக்கிச்சு.

சமையல் அண்ணனுக்கு சந்தோஷம் தாங்கல. "மேஸ்திரியம்மா! திருகு கிடைச்சிடுச்சு!"ன்னு கத்தினார். டாக்டர் டார்ச்சடிச்சுத் தொண்டையைப் பார்த்தார். "பல்லுன்னா நான் பார்ப்பேன். இது அதுக்கு ரெண்டு இஞ்சு உள்ள இருக்கு. ஆனாலும் சொல்றேன், ரெண்டு நாளைக்கு ஒரு சத்தம் வரக்கூடாது"ன்னார்.

நாலாவது நாள்தான் மூணாவது கணவாய். பேரு கதவு. காலையில பனி கல்லு மாதிரி கெட்டியா இருக்கும், மேல நடக்கலாம். பதினோரு மணிக்கு மேல வெயில் ஏறிச்சுன்னா பனி இளகி, கழுதை வயித்து வரைக்கும் உள்ள போயிடும். அப்புறம் அடுத்த நாள் வரைக்கும் கதவு சாத்தினது சாத்தினதுதான். அடுத்த நாளுக்குக் காத்திருக்கவும் வழியில்ல. சாயங்காலத்துலேர்ந்து ரெண்டு நாளைக்குப் பனிப்புயல்னு மேஸ்திரியம்மாவோட வயர்லெஸ்ல தகவல் வந்திருந்தது. கழுதைத் தீனியும் ஒரு நாளைக்குத்தான் மிச்சம்.

விடியறதுக்கு முன்னாடியே கிளம்பினாங்க. பனி ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் பழகின பாதை, மகாராணி ஒழுங்கா வந்தா. பனியில ஒரு காலை வெச்சா. நின்னுட்டா. மணி ஒம்பது அம்பது. மேலே பார்த்தா வெள்ளை வெளேர்னு ஒரே சரிவு. உச்சிக்கு அம்பது நிமிஷம் ஏறணும்.

மேஸ்திரியம்மா 'டொக்'குன்னாங்க. மகாராணி நகரல. இன்னொரு தடவை. ஊஹூம். கயித்தை மெதுவா இழுத்தாங்க. அவ தலையைத் திருப்பி, பின்னாடி நிக்கிற ரேடியோவைப் பார்த்தா. 'என்ன, இன்னிக்கு ஒண்ணும் இல்லயா?'ன்னு கேக்கிற மாதிரி.

"கெடுத்துட்டியேடா!"ன்னாங்க மேஸ்திரியம்மா. "சொன்னேன்ல? பழகிடும்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்ல?"

ரேடியோ வாயைத் தொறந்தான். புஸ்.

"நான் பேசறேன், தள்ளு"ன்னு சமையல் அண்ணன் வந்தார். "மகாராணி, தங்கம், செல்லம், கண்ணு"ன்னார். அவ அவர் சட்டைப் பையை மோந்துட்டுத் தும்மினா. டாக்டரம்மா பேசிப் பார்த்தாங்க. மச்சான் ஒம்பதாம் வாய்ப்பாடு சொன்னார், ஒம்பதேழுல தப்பு விட்டார். யாரு பேசியும் அவ மசியல.

மணி பத்து.

ரேடியோவுக்கு அப்பதான் போன் ஞாபகம் வந்தது. குளிர்ல பேட்டரி செத்துடக்கூடாதுன்னு காலுறைக்குள்ள சொருகி வெச்சிருந்தான். எடுத்தான். சத்தத்தை முழுசா வெச்சு, முதல் மெசேஜைத் தொட்டான். "அக்கா, நான்தான், கேக்குதா?"ன்னு அவன் குரல் மலை முழுக்க எதிரொலிச்சுது.

மகாராணியோட ரெண்டு காதும் நிமிந்துச்சு. ஒரு அடி வெச்சா. இன்னொரு அடி. அவன் நிறுத்தினான். அவளும் நின்னா.

"அட!"ன்னார் டாக்டர்.

மேஸ்திரியம்மா கையை நீட்டினாங்க. "கொடு. அவ கழுத்துப் பட்டையில கட்டிடறேன். எவ்வளவு நேரம் ஓடும்?"

அவன் விரலால காட்டினான். மொத்தம் அஞ்சு மெசேஜ், ஒண்ணு முடிஞ்சா அடுத்தது தானா ஓடும், அம்பத்திரண்டு நிமிஷம்.

"போதும், சரியா இருக்கும். ஆனா நடுவுல நிக்கக்கூடாது. மேல் பாதியில எனக்கு ரெண்டு கையும் வேணும், பனிக்கோடாலியால படி வெட்டணும். போனைத் தொட முடியாது. அங்க சத்தம் நின்னு இவ நின்னா, பின்னாடி வர்றது எல்லாம் சரிஞ்சுடும். நீ கடைசிக் கழுதை பக்கத்துல வா, சுமையைப் பார்த்துக்க."

அவன் போனைக் கொடுக்கப் போனான். கை அப்படியே நின்னுச்சு.

நாலாவது மெசேஜ்.

நேத்து சாயங்காலம் பேசினது. பூங்கா, ரெண்டு ஞாயித்துக்கிழமை, மட்டக்குதிரை, டீக்கடைப் பக்கம் கையை நீட்டினது, எல்லாம் அதுல இருக்கு. அது ஓடினா மேஸ்திரியம்மா அவன் வாயாலயே கேட்டுடுவாங்க. கையெழுத்து போச்சு. பர்மிட்டு போச்சு. மாசக் கடைசியில ஊருக்கு டிக்கெட்டு.

ஒரு நொடி திரும்பி நின்னான். நாலாவது மெசேஜ் மேல விரலை வெச்சு அழுத்தினான். 'அழிக்கவா?'ன்னு போன் கேட்டுச்சு.

அவனுக்குக் கணக்கு நல்லாவே வரும். அம்பத்திரண்டுல இருபத்துநாலு போனா இருபத்தெட்டு. இருபத்தெட்டு நிமிஷத்துல பாதிச் சரிவுதான் வரும். அதாவது, சத்தம் நிக்கவே கூடாத அந்த இடத்துல சரியா நிக்கும். முன்னாடி மேஸ்திரியம்மா, நடுவுல நாலு கழுதை, பின்னாடி டாக்டர் குடும்பம், சமையல் அண்ணன்.

'வேண்டாம்'ங்கிறதைத் தொட்டான். போனைக் கொடுத்துட்டு, விறுவிறுன்னு கடைசிக் கழுதை பக்கத்துல போய் நின்னுட்டான்.

முதல் மெசேஜ் ஓட ஆரம்பிச்சுது. ஊர்வலம் நகர்ந்துச்சு.

"அக்கா, இந்த மேஸ்திரியம்மா இருக்காங்களே, சிரிச்சா ஃபைன் போடுவாங்க போல. அவங்க முறைச்சா கழுதைங்களே சட்டையை உள்ள விட்டுக்கிட்டு நேரா நிக்குது. தலையில ஒரு தொப்பி, தலகாணி உறையைக் கவுத்த மாதிரி..."

முன்னாடி போன தலகாணி உறை திரும்பல. பின்னாடி சமையல் அண்ணன் சிரிப்பை அடக்க முடியாம மூச்சு வாங்கினார். அந்த உயரத்துல சிரிக்கிறதுக்குத் தனியா காத்து வேணும்.

அவர் சிரிப்பும் ரொம்ப நேரம் நீடிக்கல. ரெண்டாவது மெசேஜ் வந்துடுச்சு. "...பருப்புன்னு ஒண்ணு போட்டார்க்கா. ஒவ்வொரு பருப்பும் தனித்தனியா நின்னு என்னை முறைக்குது. கடிச்சா சத்தம் கேக்குது. பல் டாக்டரை எதுக்குக் கூட கூட்டிட்டு வந்திருக்காங்கன்னு இப்பதான் புரியுது."

"டேய்! இந்த உயரத்துல தண்ணி சூடே ஏறாதுடா! பருப்பு எப்படிடா வேகும்?"ன்னு சமையல் அண்ணன் கத்தினார். மலை அதையும் திருப்பிச் சொல்லுச்சு.

மூணாவது. "டாக்டர் அடிக்கடி பாறைக்குப் பின்னாடி போறாரு. நானும் அதுக்குத்தான்னு நினைச்சு மரியாதையா இந்தப் பக்கம் திரும்பி நின்னேன். இல்லக்கா! சாக்லேட்டு! பை நிறைய வெச்சிருக்காரு. அந்தம்மாவுக்கு சக்கரை கூடாதுன்னு தினம் பாடம் எடுத்துட்டு..."

"ஏங்க?"ன்னாங்க டாக்டரம்மா.

டாக்டர் குனிஞ்ச தலை நிமிராம ரொம்ப அக்கறையா ஏறினார். "சரிவுல பேசக்கூடாதும்மா. ஆபத்து."

"மேல வாங்க, பேசிக்கிறேன்."

"மாமா, எனக்கும் ஒண்ணு தந்திருக்கலாம்"னார் மச்சான்.

சரிவு நெட்டுக்குத்தா ஆச்சு. மேஸ்திரியம்மா கோடாலியை எடுத்துப் படி வெட்ட ஆரம்பிச்சாங்க. டக், டக், டக். ரேடியோவுக்கு அவங்க முதுகு மட்டும்தான் தெரிஞ்சுது. ஒவ்வொரு கழுதையோட சுமையையும் பார்த்துக்கிட்டே ஏறினான். கடைசிக் கழுதையோட மூட்டை லேசா இடதுபக்கம் சாயுற மாதிரி இருந்தது. தோளைக் குடுத்துத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே நடந்தான். நெஞ்சு அடிக்கிறது காதுல கேட்டுச்சு. அதுக்கு மேல தன்னோட குரலும் கேட்டுச்சு.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லாத."

யார்கிட்டயும் சொல்லாதன்னு மலை மூணு தடவை சொல்லுச்சு.

"நான் பொய் சொல்லித்தான்க்கா வந்திருக்கேன். ரெண்டு சீசன்னு சொன்னேன். ரெண்டு ஞாயித்துக்கிழமைக்கா. பூங்காவுல."

டக், டக்குன்னு கேட்டுட்டு இருந்த கோடாலி ஒரு தடவை நின்னுச்சு. ரேடியோ கண்ணை மூடிக்கிட்டான். மறுபடி டக்குன்னு கேட்டுச்சு. அப்புறம் நிக்கல.

இருபத்துநாலு நிமிஷம் ரொம்ப நீளம். ஒருத்தரும் சிரிக்கல. அவன் குரல் மட்டும் போய்க்கிட்டே இருந்துச்சு. கோடவுன் மூடின அன்னிக்கு போன்ல அம்மாகிட்ட சொல்லாம தண்ணி மட்டும் குடிச்சுட்டுப் படுத்தது. முடிச்சு போடறதை வீடியோ பார்த்துக் கட்டில் கால்ல கட்டிப் பழகினது. தினம் எல்லாரும் எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி எழுந்து எல்லா முடிச்சையும் அவுத்து மறுபடி போடறது. "ஏன்னா எனக்கு எது சரின்னு தெரியாதுக்கா. அதனால எல்லாத்தையும் சரி பார்க்கிறேன். நாளைக்குக் கதவுக் கணவாய். புது ஆளு வரக்கூடாதுன்னு அவங்க சொன்னாங்க. அவங்க சொல்றது நியாயம்தான். அது தெரிஞ்சும் நான் போறேன். எனக்கு ஒண்ணு ஆனா பரவாயில்ல, அந்தக் கழுதைங்களுக்கு எதுவும் ஆயிடக்கூடாதுன்னுதான் பயமா இருக்கு. மகாராணிகிட்ட எல்லாம் சொல்லிட்டேன். அவ ஒண்ணும் சொல்லல."

மகாராணி வெள்ளை நுனிக் காதை அசைச்சுக்கிட்டு, ஒரு இடத்துலகூட நிக்காம, வெட்டின ஒவ்வொரு படியிலயும் காலை அளந்து வெச்சு ஏறினா.

அஞ்சாவது மெசேஜ் ஓட ஆரம்பிச்சப்போ உச்சி தெரிஞ்சுது. "உன் பையனுக்கு ஆடிட்டு இருந்த பல்லு விழுந்துச்சா? இங்க ஒரு பல் டாக்டர் இருக்காரு, கேட்டுச் சொல்லவா?"

"பால்பல்லுன்னா தானா விழும்! கையை வெச்சு ஆட்ட வேண்டாம்னு சொல்லு!"ன்னார் டாக்டர், மூச்சு வாங்கிக்கிட்டே. பேச்சை மாத்த ஒரு வழி கிடைச்சதுல அவருக்கு நிம்மதி.

பத்து அம்பத்தஞ்சுக்குக் கதவைத் தாண்டினாங்க. அந்தப் பக்கம் வெயில் பளீர்னு இருந்துச்சு. டாக்டரம்மா சந்தோஷத்துல அழுதாங்க, அழுதுகிட்டே வீட்டுக்காரர் பையில கையை விட்டு சாக்லேட்டை எடுத்து எல்லாருக்கும் பங்கு போட்டாங்க. மேஸ்திரியம்மா வாங்கிக்கல. ரேடியோ பக்கம் பார்க்கவும் இல்ல. "இறங்குங்க. பனி இளகுது"ன்னு ஒரே வார்த்தை.

இறக்கத்துல மகாராணியை நடத்தறதுக்கு அஞ்சு மெசேஜையும் மறுபடி போட வேண்டியிருந்தது. அதனால தலகாணி உறையிலேர்ந்து ஞாயித்துக்கிழமை வரைக்கும் எல்லாத்தையும் எல்லாரும் ரெண்டாவது தடவை கேட்டாங்க. நாலாவது மெசேஜ் வந்தப்போ ரேடியோ ரெண்டு காதையும் பொத்திக்கிட்டான்.

அஞ்சாவது நாள் மத்தியானம் கீழ இருந்த தங்கும் குடிசைக்கு வந்து சேர்ந்தாங்க. சுமையெல்லாம் இறக்கினாங்க. மேஸ்திரியம்மா ஒரு தீனி வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்து, அவனைக் கூப்பிட்டாங்க.

"ரெண்டு சீசன்"னாங்க.

அவன் தலையைக் குனிஞ்சான்.

"பூங்கா. தானா சுத்துற குதிரை."

இன்னும் குனிஞ்சான்.

"அந்த இடத்துலயே உன்னைக் கீழ அனுப்பியிருப்பேன். கோடாலியை நிறுத்த முடியாததால நீ தப்பிச்ச. சரி, ஒண்ணு கேக்கறேன். போனைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி திரும்பி நின்னு என்னவோ பண்ணின. என்ன அது?"

அவன் சுத்திமுத்திப் பார்த்தான். பிஸ்கட் பெட்டி அட்டை ஒண்ணு கிடந்துச்சு. அடுப்புக் கரியை எடுத்து எழுதினான்: 'அழிக்கப் பார்த்தேன். அழிச்சா 28 நிமிஷம்தான் வரும். பாதியில நின்னுடும்.'

அவங்க அதைப் படிச்சாங்க. மறுபடி படிச்சாங்க. அட்டையை மடிச்சுப் பக்கத்துல வெச்சாங்க.

"எடு ஃபாரத்தை."

அவன் நெஞ்சுப் பையிலேர்ந்து எடுத்தான். அஞ்சு நாளா அங்கயே இருந்து ஓரமெல்லாம் ஈரம். அவங்க முழங்கால் மேல வெச்சு, பேனாவை உதறினாங்க. 'அனுபவம்'னு போட்டிருந்த இடத்துல பேனா நின்னுச்சு.

"பொய்க்கு நான் கையெழுத்து போடமாட்டேன்"னாங்க.

அவன் ஃபாரத்தைத் திரும்ப வாங்கிக்கக் கையை நீட்டினான். கைநிறைய சாமானோட அந்தப் பக்கம் வந்த சமையல் அண்ணன்கூட நின்னுட்டார்.

மேஸ்திரியம்மா எழுதினாங்க. எழுதுறதை உரக்கப் படிச்சுக்கிட்டே எழுதினாங்க. "அனுபவம். மூணு கணவாய். ஒரு தடவை." கீழ ரெண்டு கட்டம் இருந்துச்சு, 'தேர்ந்தவர்', 'பயிற்சியில் இருப்பவர்'னு. ரெண்டாவதுல டிக் அடிச்சாங்க. "தேர்ந்தவன்னா மூணு வருஷம் பர்மிட்டு. பயிற்சின்னா ஒரு வருஷம்தான். உனக்கு ஒரு வருஷம். அந்த வருஷம் முழுக்கக் கீழ் வழிதான். கதவுப் பக்கம் உன் நிழல்கூட வரக்கூடாது."

ரேடியோ தலையை ஆட்டினான். ஆட்டினான், ஆட்டிக்கிட்டே இருந்தான்.

"மேஸ்திரியம்மா"ன்னார் சமையல் அண்ணன், மெதுவா. "இவன் கீழ் வழின்னா, கதவுக்கு மகாராணியை யாரு நடத்தறது? இவன் குரல் இல்லாம அவ ஒரு அடி வைக்க மாட்டாளே?"

"அதுதான் என் தலைவலி. அவளும் இவன்கூட கீழ் வழிக்கு வரட்டும், ரெண்டு பேருக்கும் சேர்த்து தண்டனை. மேல நான் மத்த மூணுல வயசான ஒண்ணை முன்னாடி விட்டு சமாளிச்சுக்கிறேன். கெடுத்தவன்தான் சரி பண்ணணும். நாக்கு சத்தத்துக்கு நடக்க அவளை மறுபடி பழக்கு. வாயை மூடிக்கிட்டு."

"வாயை மூடிக்கிட்டா?"ன்னு சமையல் அண்ணன் ரேடியோவை ஏற இறங்கப் பார்த்தார். "இவனா? ஒரு வருஷத்துலயா? மேஸ்திரியம்மா, இது நடக்கிற காரியமா?"

"ஒரு வருஷம் பத்தலன்னா, அடுத்த வருஷம் இன்னொரு ஃபாரம் எடுத்துட்டு வரட்டும். பார்ப்போம்"னாங்க. ஃபாரத்தைத் திருப்பி, கடைசிப் பக்கத்துல அழுத்தி ஒரு கையெழுத்து போட்டாங்க. மை தாராளமா இறங்கி, குளிர்ல காயாம பளபளன்னு நின்னுச்சு.

"தொடாத. கலைஞ்சுடும்."

ரேடியோ ரெண்டு கையிலயும் ஃபாரத்தை வாங்கினான். சூடா இருக்கிற தட்டைத் தூக்குற மாதிரி, ஓரத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டு, காத்துப் படாத சுவரோரமா போய் நின்னான். மை காயற வரைக்கும் அந்த இடத்தை விட்டு அசையல.